பூகேயோட ஒளி அளக்குற புத்தகம்: எதை வாங்கலாம், எதுக்குக் காசு குடுக்கவே கூடாது

முதல்லயே சொல்லிடுறேன், இது கேமரா, லைட்டிங், வானம் பாக்குறது, கேம் கிராஃபிக்ஸ், இதுல ஏதாவது ஒண்ணுல கிறுக்கு இருக்குறவங்களுக்கான ரிவ்யூ. மத்தவங்க படிச்சா போர் அடிக்கலாம், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

புத்தகம் பியர் பூகே எழுதினது. பிரெஞ்சுக்காரர், 1698ல பிரிட்டனி கடற்கரையில லெ க்ருவாசிக்னு ஒரு சின்ன துறைமுக ஊர்ல பொறந்தவரு. அப்பா கப்பல் ஓட்டுறவங்களுக்கு கணக்கும் கடல் வழியும் சொல்லிக்குடுக்குற அரசு வாத்தியார், அவர் இறந்ததும் டீன் ஏஜ்லயே அந்த வேலைய மகன் எடுத்துக்கிட்டாரு. 1727ல கப்பலுக்கு பாய்மரம் எப்படி வைக்கணும்னு பாரிஸ் அகாடமி ஒரு போட்டி வச்சுச்சு, அதுல இவர் ஜெயிச்சாரு, அதே போட்டியில இவருக்குப் பின்னாடி நின்ன 20 வயசுப் பையன் யாருன்னா, பின்னாடி பெரிய கணித மேதையான ஆய்லர். ஆமா, அந்த ஆய்லர்தான்.

ஒளி பத்தி இவர் ரெண்டு புத்தகம் போட்டிருக்காரு, இதைத் தெரிஞ்சுக்காம வாங்கப் போனா குழம்பிடுவீங்க. முதல்ல 1729ல பாரிஸ்ல ஜோம்பேர்ங்கிற பதிப்பாளர் போட்ட சின்ன புத்தகம். ஒளி எவ்வளவு இருக்கு, எவ்வளவு குறையுதுன்னு நம்பர் வச்சு பேசுற விஷயம் உருப்படியா ஆரம்பிக்கிறதே அங்கதான். அப்புறம் வாழ்நாள் பூரா அதையே விரிச்சு எழுதிக்கிட்டிருந்து 1758ல போய்ட்டாரு, அந்தக் கையெழுத்துப் பிரதிய நண்பர் லா காய் (வானியல்காரர், இவரும் பெரிய ஆளு) கவனிச்சு 1760ல பெரிய புத்தகமா கொண்டுவந்தாரு. பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டுலயும் 'ஒளியின் படிநிலை'ன்னு வரும். அதனால தேடும்போது வருஷத்தப் பாருங்க.

நான் முழுசா படிச்சது 1760 புத்தகத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மிடில்டன்னு கனடாக்காரர் பண்ணது, 1961ல டொரண்டோ பல்கலைக்கழக பதிப்பகம் போட்டது. கூடவே 1729 சின்ன புத்தகத்த ஸ்கேன்ல, எனக்கிருக்குற அரைகுறை பிரெஞ்சு வச்சு படங்களையும் நம்பர்களையும் புடிச்சுக்கிட்டே மேய்ஞ்சேன்.

அசல் பிரதி வாங்குற ஆசை இருந்தா அதை மறந்துடுங்க. அரிய புத்தக வியாபாரிங்க கிட்டயும் ஏலத்துலயும்தான் வரும், வந்தாலும் நம்ம வாங்குற விலைக்கு வராது, அதுல ஒரு சின்ன தொகைக்கே நல்ல லென்ஸ் வாங்கிடலாம். லைப்ரரி ஸ்கேன் இலவசமா கிடைக்குது, அது போதும்.

இப்ப நான் கடுப்பான கதைக்கு வரேன். ஆன்லைன்ல இந்தப் புத்தகத்துக்கு "கிளாசிக் ரீப்ரிண்ட்"னு போட்டு பளபளன்னு அட்டை வச்சு ஏகப்பட்ட பேர் விக்குறாங்க, யாரோ ஒருத்தர் இலவச ஸ்கேன எடுத்து ஆர்டர் வந்தா பிரிண்ட் போட்டு அனுப்புறது. எந்தக் கம்பெனின்னு சொல்லல, எல்லாமே ஒரே குட்டைதான். கையில புத்தகமா வச்சுப் படிக்கலாமேன்னு 1760 புத்தகத்துக்கு ஒண்ணு ஆர்டர் போட்டேன். வந்ததப் பிரிச்சா எழுத்து சுமாரா தெரியுது, சரி பரவாயில்லன்னு கடைசிக்குப் போனா படங்கள் இல்ல. அதாவது இருக்கு, ஆனா இல்ல. அந்தக் காலத்துப் புத்தகத்துல படம் எல்லாம் கடைசியில மடிச்சு வச்ச பெரிய தாள்ல இருக்கும், விரிச்சாதான் முழுசா தெரியும். ஸ்கேன் பண்ண ஆளு அதை விரிக்கவே இல்ல, மடிச்ச மேனிக்கே ஒரு க்ளிக். நமக்குக் கிடைக்குறது பாதி மெழுகுவர்த்தி, வெட்டுப்பட்ட ஒரு கோடு, பின்பக்கத்துல இருந்து கசியுற மை. புத்தகம் முழுக்க "படம் 9ல ஏ, பி, சி பாருங்க"ன்னு எழுதியிருக்கும், அந்த ஏ பி சி மடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. கேட்டா, பழைய புத்தகம்னா குறை இருக்கத்தான் செய்யும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமேன்னு பதில் வருது. பழைய புத்தகத்துல குறையே இல்லப்பா, தாள விரிக்காத உன் கையிலதான் குறை. ரிட்டர்னும் எடுக்கல. இந்த மாதிரி ரீப்ரிண்ட்டுக்கு ஒரு ஸ்டார் கூட அதிகம். வாங்கித்தான் ஆகணும்னா கடைசிப் பக்கங்களோட போட்டோவ முன்கூட்டியே கேளுங்க, அனுப்ப மாட்டாங்க, அப்ப வாங்காதீங்க.

சரி, புத்தகத்துக்குள்ள போவோம்.

பூகே புடிச்ச அடிப்படை ஒண்ணே ஒண்ணுதான், மொத்தப் புத்தகமும் அது மேலதான் நிக்குது. நம்ம கண்ணுக்கு "இது அதை விட எத்தனை மடங்கு வெளிச்சம்"னு சொல்லத் தெரியாது. சத்தியமா தெரியாது. ரூமுக்குள்ள இருக்குற வெளிச்சத்துக்கும் வெளிய வெயிலுக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்னு யாரையாவது கேளுங்க, அஞ்சு மடங்கும்பாங்க பத்து மடங்கும்பாங்க, லைட் மீட்டர் வச்சா நூறு மடங்குக்கு மேல காட்டும். ஆனா பக்கத்துல பக்கத்துல ரெண்டு வெள்ளைப் பரப்பு வச்சு "ரெண்டும் ஒண்ணா இருக்கா இல்லையா"ன்னு மட்டும் கேட்டா கண்ணு நல்லா சொல்லும். அதனால கண்ண ஜட்ஜா உக்கார வைக்காத, வெறும் "சமம், சமமில்ல" சொல்ற சாட்சியா மட்டும் வை, மடங்குக் கணக்க தூரத்துக்கிட்ட விட்டுடுங்கிறாரு. வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்குக் குறையும், ரெட்டைத் தூரம் போனா கால்வாசி, அது தெரிஞ்ச விஷயம். அப்ப ரெண்டும் சமமாத் தெரியுற வரைக்கும் மெழுகுவர்த்திய முன்ன பின்ன நகர்த்து, சமமானதும் டேப் போட்டு அளந்துக்கோ, முடிஞ்சது.

கேக்க ரொம்ப சாதாரணமா இருக்குல்ல? இவருக்கு முன்னாடி முயற்சி பண்ணவங்களப் பாத்தாதான் இதோட அருமை புரியும். 1700ல பிரான்சுவா மரின்னு ஒரு கப்பூச்சின் துறவி பாரிஸ்ல ஒரு புத்தகம் போட்டாரு, வெளிச்சத்துக்கு முன்னாடி கண்ணாடித் துண்ட ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போ, எப்ப வெளிச்சம் சுத்தமா தெரியாம போகுதோ அப்ப எத்தனை துண்டுன்னு எண்ணு, அதுதான் வெளிச்சத்தோட அளவு. இதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு, "தெரியாம போறது" ஆளுக்கு ஆள் மாறும், வெயில்ல இருந்து வந்தவனுக்கும் இருட்டுல உக்காந்திருந்தவனுக்கும் ஒரே மாதிரி இருக்காது. இன்னொண்ணு அதை விடப் பெருசு, ஒவ்வொரு கண்ணாடியும் ஒரே அளவு வெளிச்சத்தக் குறைக்கும்னு அவர் நெனச்சுக்கிட்டாரு. பூகே அதைத்தான் உடைக்கிறாரு. முதல் கண்ணாடி வந்ததுல பாதிய முழுங்குச்சுன்னா ரெண்டாவது கண்ணாடி மிச்சமிருக்குற பாதியில பாதியத்தான் முழுங்கும், நூறு ரூபா கை மாறி வரும்போது ஒவ்வொரு புரோக்கரும் தன் கைக்கு வந்ததுல பாதிய எடுத்துக்குற மாதிரி. நூறு, அம்பது, இருபத்தஞ்சு, பன்னெண்டரை. கூட்டல் கழித்தல் இல்ல, பெருக்கல் வகுத்தல். அதனால தடிமனும் வெளிச்சமும் மடக்கை (லாகரிதம்) அட்டவணை வழியாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசும்னு 1729லயே எழுதிட்டாரு.

என்டி ஃபில்டர் (வெளிச்சத்தக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டுற கறுப்புக் கண்ணாடி) மாட்டுறவங்களுக்கு இது கை பழக்கம், ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது, மூணு ஸ்டாப் ஃபில்டர் மேல மூணு ஸ்டாப் ஃபில்டர் போட்டா ஆறு ஸ்டாப், அதாவது எட்டும் எட்டும் பதினாறு இல்ல, அறுபத்து நாலு. ஸ்டாப்னு நம்ம எண்ணுறதே பூகேயோட மடக்கைதான்.

கோவிட் நேரத்துல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிப் பாத்த அந்தச் சின்ன ஆக்சிமீட்டர், ரத்த டெஸ்ட் லேப்ல சாம்பிள கலர் மாத்தி வெளிச்சம் விட்டுப் பாக்குற மெஷின், எல்லாத்துக்கும் அடியில ஓடுறது இதே விதிதான். ஆனா காலேஜ் புத்தகத்துல அதுக்குப் பேரு பீர்-லாம்பர்ட் விதி. லாம்பர்ட் எழுதினது 1760, பூகேய படிச்சுட்டுத்தான் எழுதினாரு, அதை மறைக்கவும் இல்ல. பீர் 1852ல கலர் கரைசல்ல எவ்வளவு பொருள் கரைஞ்சிருக்குங்கிறதையும் சேர்த்தாரு. அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஆனா மொதல்ல எழுதினவர் பேரு மட்டும் எப்படி காணாம போச்சுன்னு ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருது. சில புத்தகங்கள்ல பூகே-லாம்பர்ட்-பீர்னு போடுறாங்க, அந்த ஆசிரியர்களுக்கு ஒரு சலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் 1725 நவம்பர் 23 ராத்திரி. மேரான்னு இன்னொரு விஞ்ஞானி ஒரு கேள்வி வச்சிருந்தாரு: கோடையில உச்சி வெயிலுக்கும் குளிர்காலத்துல உச்சி வெயிலுக்கும் காத்து எவ்வளவு வெளிச்சத்த முழுங்குறதுல வித்தியாசம்? சூரியன மெழுகுவர்த்தியோட நேரா ஒப்பிட முடியாது, நம்ப முடியாத அளவுக்கு பிரகாசம். ஆறு மாசம் காத்திருந்து அதே கண்ணோட அதே மெழுகுவர்த்தியோட ஒப்பிடவும் முடியாது. பூகே என்ன பண்றாரு, நிலாவ எடுத்துக்குறாரு. காத்துக்கு நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சமும் ஒண்ணுதானே, ரெண்டுலயும் ஒரே பங்கத்தான் முழுங்கும். நிலா ஒரே ராத்திரியில கீழ இருந்து மேல போகும். அவரோட ஊர்ல குளிர்கால உச்சி சூரியன் நிக்குற உயரம் 19 டிகிரி 16 நிமிஷம், கோடை உச்சி சூரியன் 66 டிகிரி 11 நிமிஷம். நிலா அந்த ரெண்டு உயரத்துக்கும் வர்ற நேரத்துல நாலு மெழுகுவர்த்திய ஏத்தி எவ்வளவு தூரத்துல வச்சா சமம்னு பாக்குறாரு. நிலா தாழ இருக்கும்போது 50 அடி, மேல இருக்கும்போது 41 அடி. 41ஐ 41ஆல பெருக்கினா 1681, 50ஐ 50ஆல பெருக்கினா 2500. அப்ப தாழ இருக்குற நிலாவோட வெளிச்சம் உசரத்துல இருக்குறதுல சுமார் மூணுல ரெண்டு பங்கு. (அந்தக் காலத்து பிரெஞ்சு அடி நம்ம அடிய விட கொஞ்சம் பெருசு, ஆனா ரெண்டு தூரமும் அதே அடியிலதான் அளந்தாரு, விகிதத்துல அடிபட்டுப் போய்டும்.)

அதோட விடல. இதுல இருந்து, வெளிச்சம் தலைக்கு நேர் மேல இருந்து வந்தா காத்தத் தாண்டி எவ்வளவு வந்து சேரும்னு கணக்கு போடுறாரு, 10,000ல 8123 பங்கு. அதாவது நூத்துக்கு 81. இன்னைக்கு கடல் மட்டத்துல தெளிவான வானத்துக்கு வானியல்காரங்க கருவி வச்சு எடுக்குற அளவும் இதைச் சுத்தித்தான் இருக்கு. கையில இருந்தது நாலு மெழுகுவர்த்தி, ஒரு நிலா, அளக்க ஒரு கோல். படிச்சு முடிச்சு நானே கால்குலேட்டர எடுத்து அந்த ரெண்டு உயரத்துக்கும் காத்தோட தடிமன் போட்டுப் பாத்தேன், அச்சு அசலா அதே நம்பர் வருது, கணக்குல ஒரு கள்ளமும் இல்ல.

அடுத்து சூரியனுக்கும் முழு நிலாவுக்கும் எத்தனை மடங்குங்கிற கணக்கு. நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சு ஒரு நம்பர் மனசுல வச்சுக்கோங்க, அப்புறம் படிங்க. ஜன்னல அடைச்சு ஒரு லைன் அகலத்துல ஒரு ஓட்டை (ஒரு லைன்னா இன்ச்ல பன்னெண்டுல ஒரு பங்கு), அதுல குழி லென்ஸ் வச்சு சூரிய வெளிச்சத்த 108 லைன் அகலத்துக்கு விரிக்கிறாரு. அப்ப வெளிச்சம் 108 பெருக்கல் 108, அதாவது 11,664 மடங்கு நீர்த்துப் போச்சு. அதுக்குச் சமமா வந்தது 16 இன்ச் தூரத்துல ஒரு மெழுகுவர்த்தி. ராத்திரி அதே ஓட்டை வழியா நிலா, இது எப்பவோ மங்கல், அதனால 8 லைன் அகலத்துக்கு மட்டும் விரிச்சா போதும், 64 மடங்கு. அதுக்குச் சமம் 50 அடி தள்ளி ஒரு மெழுகுவர்த்தி. 16 இன்ச்சுக்கும் 50 அடிக்கும் வர்க்கக் கணக்கு போட்டு விரிச்சதையும் சேர்த்தா 2,56,289 மடங்கு. இதே மாதிரி சில தடவை பண்ணி சுமார் 3 லட்சம்னு முடிக்கிறாரு.

இன்னைக்குக் கணக்கு சுமார் 4 லட்சம். 3க்கும் 4க்கும் ஒரு லட்சம் வித்தியாசமாச்சேன்னு தோணும், ஆனா கேமராக்காரன் கண்ணால பாருங்க, அது அரை ஸ்டாப் கூட இல்ல. அரை ஸ்டாப் தப்பா எக்ஸ்போஸ் பண்ணா இன்னைக்கு யாரும் கண்டுக்க மாட்டாங்க, எடிட்ல சரி பண்ணிட்டு போய்டுவோம். எழுபது வருஷம் கழிச்சு உல்லாஸ்டன்னு இங்கிலாந்துல பெரிய பேர் வாங்கின விஞ்ஞானி இதே கேள்விய எடுத்து 8,01,072னு சொன்னாரு. கடைசி இலக்கம் வரைக்கும் சுத்தமா எழுதியிருக்காரு, ஆனா ஒரு முழு ஸ்டாப் தப்பு. பூகேயோட தோராயமான 3 லட்சம் இவரோட துல்லியமான 8 லட்சத்த விட உண்மைக்குப் பக்கத்துல இருக்கு, அதான் எனக்கு இந்த மனுஷன் மேல மரியாதை.

1760 புத்தகத்துல மூணு பகுதி. முதல் பகுதி அளக்குறது எப்படி, ரெண்டாவது பளபளப்பான பரப்பும் சொரசொரப்பான பரப்பும் வெளிச்சத்த எப்படித் திருப்பி அனுப்புது, மூணாவது ஊடுருவுறது, மறைக்குறது. முதல் பகுதியிலயே இன்னொரு குட்டிச் சோதனை இருக்கு, இது வீட்டுலயே பண்ணிப் பாக்கலாம். ஒரு வெள்ளைத் திரை, பக்கத்துல ஒரு மெழுகுவர்த்தி. தள்ளி இன்னொரு மெழுகுவர்த்தி, அதோட வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு குச்சி, திரையில குச்சியோட நிழல் விழும். இப்ப தள்ளி இருக்குறத இன்னும் தள்ளிக்கிட்டே போங்க, ஒரு கட்டத்துல நிழலே தெரியாது. பூகேக்கு அது சுமார் எட்டு மடங்கு தூரத்துல நடந்துச்சு. எட்டெட்டு 64, அதாவது 64ல ஒரு பங்குக்குக் கீழ போனா இருக்குற வெளிச்சத்துக்கு மேல இன்னொரு வெளிச்சம் வந்து விழுறது கண்ணுக்குத் தெரியாது. பகல்ல நட்சத்திரம் ஏன் தெரியல, சூரிய வெளிச்சம் விழுற சுவத்துல ப்ரொஜெக்டர் போட்டா ஏன் ஒண்ணும் தெரியல, எல்லாம் இதுல அடக்கம். அடுத்த நூற்றாண்டுல ஜெர்மனியில வேபரும் ஃபெக்னரும் புலன்களப் பத்தி விதி எழுதினாங்களே, அதுக்கு விதை இங்கதான் இருக்கு.

கரண்ட் போன ஒரு ராத்திரி நானும் பண்ணிப் பாத்தேன், கிட்டத்தட்ட அந்த இடத்துலதான் நிழல் மங்குச்சு, ஆனா "போச்சு"ன்னு சொல்ற இடம் ஒரு சாண் முன்ன பின்ன ஆடிக்கிட்டே இருக்கும், குச்சிய லேசா அசைச்சா போன நிழல் திரும்பத் தெரியும். மெழுகுவர்த்திக்கு பதிலா எல்ஈடி பல்ப் வச்சுப் பாக்குறவங்க ரெண்டும் ஒரே கலர்ல எடுத்துக்கோங்க, ஒண்ணு வார்ம் ஒண்ணு கூல்னு வச்சா சமமா இல்லையான்னு கண்ணு முழிக்க ஆரம்பிச்சுடும்.

ரெண்டாவது பகுதியில ஒரு அட்டவணை இருக்கு, அதுக்காகவே காசு குடுக்கலாம். தண்ணி மேல 1000 கதிர் விழுந்தா எத்தனை திரும்பி வரும். தண்ணிய உரசுற மாதிரி அரை டிகிரியில வந்தா 721. 10 டிகிரியில 333. 20ல 145. 30ல 65. 60க்கு மேல போய்ட்டா நேர் செங்குத்து வரைக்கும் வெறும் 18. ஏரிக்கரையில சாயங்காலம் போட்டோ எடுத்தவங்களுக்குத் தெரியும், தூரத்துத் தண்ணி வெள்ளியா மின்னும், காலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா தரையில இருக்குற கல்லு தெரியும், அதுதான் இந்த 721லிருந்து 18 வரைக்கும் நடக்குற கூத்து. 19ஆம் நூற்றாண்டுல ஃப்ரெனெல்ங்கிற பிரெஞ்சு இயற்பியல்காரர் எழுதின சமன்பாட்ட வச்சு சரிபாத்தா 10 டிகிரிக்கு 348, 30க்கு 60, செங்குத்துக்கு 20னு வருது. பூகே எவ்வளவு கிட்ட இருக்காருன்னு பாருங்க, அந்தச் சமன்பாடு வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல இருந்துச்சு. கண்ணாடிக்குப் போட்ட அட்டவணை அவ்வளவு நல்லா இல்ல, செங்குத்துல 25ங்கிறாரு, இன்னைக்குக் கணக்குல 40 வரணும். ஹீரோன்னா எல்லாமே சரியா இருக்கணுமா என்ன.

அதே பகுதியில சொரசொரப்பான பரப்பு பத்தி எழுதியிருக்குறத கிராஃபிக்ஸ் வேலை பாக்குறவங்க கட்டாயம் படிக்கணும். மங்கல் வெள்ளி, ப்ளாஸ்டர், டச்சுப் பேப்பர்னு மூணு பொருள எடுத்து, வெவ்வேறு கோணத்துல சாய்ச்சு எவ்வளவு வெளிச்சம் திரும்புதுன்னு அளக்குறாரு. அளந்துட்டு என்ன சொல்றாருன்னா, இந்தப் பரப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கண்ணாடிங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சு நிக்குது, எந்தப் பக்கம் எத்தனை சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மொத்தப் பரப்பு எப்படித் தெரியும்னு சொல்லிடலாம். இன்னைக்கு எந்த கேம் இன்ஜின எடுத்தாலும் மெட்டீரியல்ல "ரஃப்னெஸ்"னு ஒரு ஸ்லைடர் இருக்கும், அதுக்குப் பின்னாடி ஓடுற மைக்ரோஃபேசட் கணக்கு இதே யோசனைதான். ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) லட்சக்கணக்குல செலவு பண்றோம், யோசனைய ஒருத்தர் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல இலவசமா குடுத்துட்டுப் போயிருக்காரு.

சூரியனோட நடுப்பகுதியும் ஓரமும் ஒரே பிரகாசம் இல்லன்னும் அளந்திருக்காரு, நடுவுல 48னா நடுவுல இருந்து விளிம்புக்கு முக்கால் தூரத்துல 35. இது ஒரு சின்ன இடம்தான், வேகமா தாண்டிடுவீங்க, நின்னு படிங்க.

இப்ப குறைங்க. படிக்க சுகமான புத்தகம் இல்ல, அதை ஒத்துக்கணும். நிரூபணம் எல்லாம் வடிவியல்ல போகும், இன்னைக்கு ரெண்டு வரியில எழுதுற அடுக்குக்குறி சமன்பாட்டுக்கு அவர் ஒரு வளைகோடு வரைஞ்சு, அதுக்குத் தொடுகோடு போட்டு, பக்கத்துக்கு ஏபி, சிடி, ஈஎஃப்னு எழுத்தா அடுக்குவாரு. படம் கையில இல்லன்னா ஒரு வரி கூட புரியாது, அதனாலதான் மேல அந்த ரீப்ரிண்ட்காரங்கள அவ்வளவு திட்டினேன். மூணாவது பகுதி பாதிக்கு மேல ரொம்ப இழுவை, காத்துல கதிர் வளைஞ்சு வர்ற பாதைய பத்தி எழுதுறதெல்லாம் நான் பொறுமை இல்லாம புரட்டிட்டேன். அப்புறம் எல்லாமே மெழுகுவர்த்தி அளவுல, எந்த மெழுகு, எவ்வளவு தடி திரின்னு மாறினா நம்பரும் மாறும். ஒரே சோதனைக்குள்ள ஒரே மாதிரி மெழுகுவர்த்தி வச்சுக்கிட்டா விகிதம் சரியா வந்துடும்னு அவர் சமாளிக்கிறது நியாயம்தான், ஆனா ஒரு ஊர்ல எடுத்த அளவ இன்னொரு ஊர்ல எடுத்ததோட ஒப்பிடணும்னா கஷ்டம்.

மொழிபெயர்ப்பு எப்படி? மிடில்டன் வானிலைத் துறை ஆளு, மூடுபனியில எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுங்கிறது பத்தி அவரே பெரிய புத்தகம் எழுதினவரு, அதனால விஷயம் தெரிஞ்சு பண்ணியிருக்காரு. பழைய பிரெஞ்சோட நீள நீள வாக்கியத்த அறுத்து நேரா போட்டிருக்காரு, படிக்க லேசா இருக்கு. முன்னுரைய தாண்டிப் போகாதீங்க, பூகேக்கு முன்னாடி யார் யார் என்னென்ன பண்ணாங்கன்னு அதுல படிச்சுட்டு உள்ள போனா பாதிக் குழப்பம் குறையும். பழைய பிரதி செகண்ட் ஹேண்ட்ல எப்பவாவது வரும், இல்லன்னா பல்கலைக்கழக லைப்ரரியில கேட்டுப் பாருங்க, இயற்பியல் பக்கம் இல்லன்னா வரலாறு பக்கம் தேடுங்க.

பக்கத்துலயே வச்சுப் பேசுற இன்னொரு புத்தகம் லாம்பர்ட்டோட ஃபோட்டோமெட்ரியா, அதே 1760ல ஆக்ஸ்பர்க்ல லத்தீன்ல வந்தது. லாம்பர்ட் ஒரு தையல்காரரோட மகன், 12 வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு தானாவே படிச்சவரு, பை ஒரு விகிதமுறா எண்ணுன்னு நிரூபிச்ச அதே லாம்பர்ட். அவர் புத்தகம் கணக்குல ரொம்ப சுத்தம், எல்லாத்தையும் விதியா மாத்தி அடுக்கிடுவாரு, கொசைன் விதி (வெளிச்சம் சாய்வா விழுந்தா எவ்வளவு குறையுங்கிறது), ஆல்பிடோங்கிற அளவு (விழுந்த வெளிச்சத்துல எவ்வளவு பங்கு திரும்புதுங்கிறது) எல்லாம் அதுல இருந்துதான் வந்தது. 2001ல டிலாரா இங்கிலீஷ்ல கொண்டுவந்திருக்காரு. தேற்றமா படிக்கப் புடிச்சவங்க அதை எடுங்க. எனக்கு பூகேதான், ஏன்னா அவர் சோதனைய எப்படிப் பண்ணாரு, எங்க நின்னாரு, எத்தனை அடி, எல்லாம் எழுதுறாரு, நாளைக்கே அப்படியே நம்ம பண்ணிப் பாக்கலாம். லாம்பர்ட்டப் படிச்சா சரின்னு தலையாட்டலாம், பூகேயப் படிச்சா டேப் எடுக்கத் தோணும்.

என் மார்க்: மிடில்டன் மொழிபெயர்ப்புக்கு அஞ்சுக்கு நாலரை, அரை போனது அந்த மூணாவது பகுதிக்கு, மொழிபெயர்ப்பாளர் மேல தப்பில்ல. இலவச ஸ்கேனுக்கு நாலு, ஆனா டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி கடைசிப் பக்கங்களுக்குப் போய் படத் தாள் விரிச்சு எடுத்திருக்காங்களான்னு பாருங்க, ஒரு லைப்ரரி ஸ்கேன்ல இல்லன்னா இன்னொரு லைப்ரரி ஸ்கேன்ல இருக்கும். பிரெஞ்சு தெரிஞ்சவங்க 1729 புத்தகத்த பழைய அச்சுல படிச்சுத் திணற வேண்டாம், அந்த அச்சுல எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி இருக்கும், தேடல் போட்டா ஒரு வார்த்தையும் சிக்காது. 1921ல பாரிஸ்ல கோத்தியே வில்லார் பதிப்பகம் அதைத் திரும்ப அச்சுக் கோத்து சின்ன புத்தகமா போட்டிருக்காங்க, அதைத் தேடுங்க.

படிக்க ஆரம்பிக்கும்போது முதல் பகுதி, அப்புறம் நேரா தண்ணி அட்டவணை, அப்புறம் சொரசொரப்பு, கடைசியாத்தான் மீதி. படத் தாள மட்டும் ஏ3ல பிரிண்ட் எடுத்து பக்கத்துல விரிச்சு வச்சுக்கோங்க, ஸ்கிரீன்ல முன்ன பின்ன போய்க்கிட்டே படிச்சா பத்தாவது பக்கத்துல மூடிடுவீங்க.